மாரியில் திரும்பி வரும் மணம்

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு என்பது பெண்ணுக்கு உரியது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கடலோரமாக எந்த ஊரை எடுத்தாலும் கலியாணம் முடித்த மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வசதி உள்ளவர்கள் மகளுக்குப் புது வீடு கட்டுவார்கள். வசதி குறைந்தவர்கள் தாங்கள் இருக்கும் வீட்டையே மூத்த மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறிடம் போவார்கள். இதை ஒரு தியாகமாக யாரும் பேசுவதில்லை. பெற்றவர்கள் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிடுவார்கள்.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. ராத்தாவின் கலியாணம் முடிந்து சில வாரங்களில் வாப்பா, உம்மா, தம்பி, நான் என்று நால்வரும் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்தோம். கல்முனைப் பக்கத்தில் வாடகை வீடு தேடியவர்களுக்கு அதன் சிரமம் தெரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவில் நெருக்கமாக வீடுகள். 2004 டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பிறகு கரையோரத்தில் 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று சொல்லப்பட்ட காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் உள்ளே தள்ளி வந்தன. இருந்த காணி இன்னும் சிறுத்துப் போனது. அப்படிப்பட்ட ஊரில், வாப்பாவின் கைக்கு எட்டிய வாடகையில் மூன்று அறையும் கிணறும் உள்ள வீடு கிடைத்தபோது நாங்கள் காரணம் கேட்கவில்லை.

நாங்கள் வந்தது ஓகஸ்ட் மாதம். கச்சான் காற்று வீசி, வெயில் கொளுத்திக் கொண்டிருந்தது. முன்னறையில் மெல்லியதாக ஒரு மணம் இருந்தது. பூட்டிக் கிடந்த வீட்டு மணம் என்று உம்மா சொன்னார். யன்னல்களைத் திறந்து வைத்தோம், குறைந்தது. ஒக்டோபர் கடைசியில் மாரி மழை தொடங்கியது. இரண்டாவது நாள் காலையில் முன்னறைக் கதவைத் திறந்தால் கண் எரிகிற அளவுக்குப் பூனை மூத்திர மணம். நாங்கள் பூனை வளர்த்ததே இல்லை.

“மழ பேஞ்சா மட்டும் எங்கிருந்துகா வருது இந்த மணம்?” என்று உம்மா கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியதுதான் இந்தக் கட்டுரை.

பக்கத்து வீட்டு மாமிதான் கதையைச் சொன்னார். எங்களுக்கு முன்பு இருந்தவர்கள் நாலைந்து பூனைகள் வைத்திருந்தார்களாம். போகும்போது சிலதைக் கொண்டு போனார்கள், ஒரு கடுவனை விட்டுவிட்டுப் போனார்கள். அந்தச் சாம்பல் நிறக் கடுவன் இன்னமும் எங்கள் மதிலில் வந்து உட்காரும். அது தன் வீட்டுக்கு வருவதாக நினைத்துத்தான் வந்தது. அதன் பார்வையில் நாங்கள்தான் வந்தேறிகள்.

முதலில் எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். சாம்பிராணி போட்டோம். சாம்பிராணியும் பூனையும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு மணம் வந்தது. தேசிக்காய் பிழிந்து துடைத்தோம். டெட்டோல் ஊற்றித் துடைத்தோம். இரண்டு நாள் நன்றாக இருக்கும், அடுத்த மழைக்குத் திரும்பி வரும். யாரோ சொன்னார்கள் என்று உம்மா ஒருநாள் பிளீச்சிங் கரைத்து ஊற்றினார். சற்று நேரத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. உம்மாவுக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. அன்று பின்னேரம் அவரை வைத்தியரிடம் கொண்டுபோய்ப் புகை பிடித்துக் கூட்டி வந்தோம்.

மணத்தைவிடப் பெரிதாக இரண்டு விடயங்கள் உம்மாவை வருத்தின. ஒன்று, விருந்தாளிகள். ராத்தாவின் மாமியார் வீட்டார் முதன்முதலாக வந்தபோது, ஒருவர் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்கள் போன பிறகு உம்மா ஒன்றும் பேசவில்லை. அதன் பின் யாரையும் வீட்டுக்கு வரச்சொல்வதை நிறுத்திவிட்டார். இருந்த வீட்டை மகளுக்குக் கொடுத்தவர், மகளின் புகுந்த உறவுக்கு முன்னால் தலை குனிந்து நின்றதை நான் பார்த்தேன். மற்றது, தொழுகை. “இந்த ஊட்டுல எங்க தொழுகுற?” என்று உம்மா அறை அறையாகத் தேடினார். கடைசியில் குசினிக்குப் பக்கத்து மூலையில் பன்பாயை விரித்து, அதன் மேல் முஸல்லாவைப் போட்டுத் தொழுதார்.

இதை எங்களுக்கு மார்க்கப் பாடம் எடுக்கும் மௌலவியாவிடம் கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் மனதை இலேசாக்கியது. பூனை நஜீஸ் அல்ல. அது உங்களிடையே சுற்றித் திரியும் பிராணி என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அது வாய் வைத்த தண்ணீரிலும் வுழூச் செய்யலாம். ஆனால் அதன் சிறுநீர் நஜீஸ்தான். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, நஜீஸின் அடையாளம் தெரிந்தால் முதலில் அதைக் கழுவி நீக்க வேண்டும். காய்ந்து, நிறமோ மணமோ எதுவும் இல்லாமல் போன இடத்தில் தண்ணீர் ஓடவிட்டால் போதும். தேய்த்துக் கழுவியும் நீங்காமல் மணம் மட்டும் எஞ்சி நின்றால், அது மன்னிக்கப்பட்டது. நிறமும் மணமும் சேர்ந்து நின்றால் மட்டும் இன்னும் கழுவ வேண்டும். காய்ந்த அசுத்தத் தரையின் மேல் சுத்தமான விரிப்புப் போட்டுத் தொழுதாலும் தொழுகை கூடும், விரும்பத்தக்கது அல்ல என்பது மட்டுமே.

அவர் இன்னொரு சம்பவத்தையும் நினைவூட்டினார். நாட்டுப்புற அரபி ஒருவர் மஸ்ஜிதுக்குள்ளேயே சிறுநீர் கழித்தபோது தோழர்கள் அவரை அதட்டப் பாய்ந்தார்கள். நபியவர்கள் அவர்களைத் தடுத்து, அவர் முடிக்கும்வரை விடச்சொல்லி, பிறகு ஒரு வாளித் தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றச் சொன்னார்கள். தரையைச் சுத்தமாக்கும் சட்டம் அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஆனால் முதலில் அங்கே காப்பாற்றப்பட்டது ஒரு மனிதரின் மானம் என்று மௌலவியா சொன்னார். நான் உம்மாவை நினைத்துக்கொண்டேன்.

மார்க்கம் மன்னித்தாலும் மூக்கு மன்னிக்கவில்லை. ஆகவே அடுத்ததாக இரசாயனவியல் ஆசிரியையிடம் போனேன். நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. பாடப் புத்தகத்தில் படித்த யூரியாவும் யூரிக் அமிலமும் எங்கள் முன்னறையில் இருக்கின்றன என்று சொன்னதும் வகுப்பே சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. கரும்பலகைக்குப் போய் எழுதத் தொடங்கினார்.

பூனையின் சிறுநீர் மிகவும் செறிவானது. அதன் மூதாதை பாலைவனப் பக்கத்துக் காட்டுப்பூனை. தண்ணீரை வீணாக்காத சிறுநீரகம் அதற்கு. அந்தச் சிறுநீர் தரையில் காய்ந்ததும் மூன்று வேலைகள் நடக்கின்றன. முதலாவது, யூரியாவைப் பற்றீரியாக்கள் உடைத்து அமோனியா ஆக்குகின்றன. கண் எரிவது அதனால்தான். இரண்டாவது, யூரிக் அமிலமும் அதன் உப்புகளும் பளிங்குகளாகச் சீமெந்தின் நுண்துளைகளில் படிகின்றன. இவை தண்ணீரில் மிகச் சிறிதளவே கரையும். அதனால்தான் எத்தனை வாளி ஊற்றினாலும் போகவில்லை. மூன்றாவது, பூனைக்கே உரிய பெலினின் என்ற கந்தகம் கொண்ட அமினோ அமிலம் மெல்லமெல்ல உடைந்து, கந்தக மணமுள்ள தயோல் என்ற சேர்வையைத் தருகிறது. ஜப்பானில் மசாவோ மியாசாக்கியும் அவரது குழுவினரும் 2003இல் பூனைச் சிறுநீரில் கோக்சின் என்ற ஒரு புரதத்தை இனங்கண்டார்கள். பெலினின் உருவாக அந்தப் புரதமே நொதியமாக உதவுகிறது என்று 2006இல் காட்டினார்கள். நலமடிக்கப்படாத கடுவனில் இது மிக அதிகம். மதிலில் உட்கார்ந்திருந்த சாம்பல் கடுவனின் இரகசியம் அதுதான்.

உம்மாவின் கேள்விக்கும் விடை கிடைத்தது. வெயில் காலத்தில் பளிங்குகள் காய்ந்து சும்மா கிடக்கும். மாரியில் காற்றிலே ஈரம் கூடும். தரை அதை உறிஞ்சும். பற்றீரியாக்கள் மீண்டும் வேலை தொடங்கும். போதாததற்குச் சீமெந்து காரத்தன்மை கொண்டது. காரச் சூழலில் அமோனியம் அயன் அமோனியா வாயுவாக வெளியேறும் பக்கம் சமநிலை நகரும். நாங்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த சமநிலைத் தத்துவம் ஒவ்வொரு மழைக்கும் எங்கள் வீட்டில் செய்து காட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

உம்மாவுக்கு இருமல் வந்த காரணமும் தெரிந்தது. பிளீச்சிங்கும் அமோனியாவும் சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு உண்டாகும். பூனை மூத்திரம் உள்ள இடத்தில் பிளீச்சிங் ஊற்றவே கூடாது. சுனாமிக்குப் பின் கிணறுகளுக்குப் போட்டுப் பழகியதால் எங்கள் ஊரில் பிளீச்சிங் எல்லாவற்றுக்கும் மருந்து போலாகிவிட்டது. பிளீச்சிங்கோடு வினாகிரி சேர்த்தால் இன்னும் ஆபத்து. குளோரின் வாயுவே வரும். தனி வினாகிரி அமோனியாவைச் சிறிது நேரம் அடக்கும், ஆனால் சீமெந்துத் தரையை அரிக்கும், யூரிக் அமிலத்தை ஒன்றும் செய்யாது. பீனோல் சேர்ந்த கிருமிநாசினிகளைப் பூனை நடமாடும் இடத்தில் பாவிப்பதும் நல்லதல்ல. பூனையின் ஈரலால் அவற்றை முறிக்க முடியாது; அதற்கு அவை நஞ்சு.

பிறகு எது சரி? ஆசிரியை ஒரு கதை சொன்னார். அமெரிக்காவில் ஸ்கங்க் என்று ஒரு விலங்கு உண்டு. கோபம் வந்தால் தாங்க முடியாத நாற்றமுள்ள திரவத்தைப் பீச்சும். அதுவும் தயோல்தான். போல் கிரெபோம் என்ற இரசாயனவியலாளர் ஒருவர் 1993இல் அதற்கு ஒரு கலவையை வெளியிட்டார். ஐதரசன் பரவொட்சைட்டு, அப்பச்சோடா, கொஞ்சம் திரவ சவர்க்காரம். காரக் கரைசலில் ஐதரசன் பரவொட்சைட்டு தயோலை ஒட்சியேற்றி மணமில்லாததாக மாற்றிவிடும். யூரிக் அமிலமும் காரக் கரைசலில் கூடுதலாகக் கரையும். எல்லாம் பார்மசியிலும் பலசரக்குக் கடையிலும் கிடைக்கிற சாமான்கள்.

ஆனால் எங்கே ஊற்றுவது? முழு வீட்டுக்கும் ஊற்ற முடியாது. இந்த இடத்தில் வாப்பா உதவினார். அவர் பஸாரில் ஒரு புடவைக் கடையில் காசு மேசையில் இருக்கிறார். கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா வெளிச்ச லைட் ஒன்று அங்கே உண்டு. காய்ந்த சிறுநீர் அந்த வெளிச்சத்தில் மங்கிய மஞ்சளாக ஒளிரும். கடை முதலாளியிடம் கேட்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவுக்கு மட்டும் கொண்டு வந்தார். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, தம்பி லைட்டைப் பிடிக்க, நான் சோக்குக் கட்டியால் வட்டம் போட்டேன். சவர்க்காரத் தூள் பட்ட இடமும் ஒளிரும் என்பதால் ஒவ்வொன்றையும் குனிந்து மணந்து பார்த்து உறுதி செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பைத் தம்பியிடம் கொடுத்தோம். மொத்தம் பதினான்கு வட்டங்கள். பாதி தரையில் இல்லை. சுவரின் அடிப்பக்கத்திலும் கதவு நிலையின் காலிலும் இருந்தன. கடுவன் நின்றபடி பின்னால் பீச்சும் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாளும் நாங்கள் தரையை மட்டும்தான் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

டிசம்பர் விடுமுறையில், மழை விட்ட நான்கு நாட்களைப் பார்த்து வேலையைத் தொடங்கினோம். எங்களைப் போல் சிரமப்படுகிறவர்கள் செய்து பார்க்கலாம் என்பதற்காக விவரமாக எழுதுகிறேன்.

முதல் நாள் வட்டம் போட்ட இடங்களைச் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்து, நல்ல தண்ணீர் ஓடவிட்டு, பழைய துணியால் ஒற்றி எடுத்தோம். முன்பு ஊற்றிய பிளீச்சிங், டெட்டோல் எதுவும் மிஞ்சக் கூடாது. அடுத்த நாள் 3 சதவீத ஐதரசன் பரவொட்சைட்டு ஒரு லீற்றருக்கு, கால் கோப்பை அப்பச்சோடா, இரண்டு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் என்று திறந்த வாளியில் கலந்தோம். போத்தலில் 6 சதவீதம் என்று எழுதியிருந்தால் சம அளவு தண்ணீர் சேர்க்க வேண்டும். கலந்ததை எந்தக் காரணத்துக்காகவும் போத்தலில் அடைத்து வைக்கக் கூடாது. உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கும். கையுறை போட்டு, யன்னல்களைத் திறந்து, உம்மாவை ராத்தா வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் செய்தோம். மூத்திரம் எவ்வளவு ஆழம் போயிருக்குமோ அவ்வளவு ஆழம் கலவையும் போக வேண்டும். ஆகவே பழைய துவாய்களைக் கலவையில் தோய்த்து வட்டங்களின் மேல் அரை மணித்தியாலம் போட்டு வைத்தோம். நுரை பொங்கியது. பிறகு தண்ணீர் ஓடவிட்டு ஒற்றி எடுத்து, இரவு முழுக்க மின்விசிறி போட்டோம்.

மூன்றாம் நாள் ஒன்பது வட்டங்களில் மணம் இல்லை. மற்ற ஐந்துக்கும் மீண்டும் ஒருமுறை. அதிலும் இரண்டு இடங்கள் அசையவில்லை. ஒன்று சுண்ணாம்புச் சுவர். அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசினோம். மற்றது கதவு நிலையின் கால். வாப்பா அதை அரத்தாள் போட்டுத் தேய்த்து, பிறைமர் பூசி, பெயின்ட் அடித்தார். தரைக்கும் ஒரு பூச்சு அடித்தோம். துளை மூடினால் ஈரம் உள்ளே போகாது. கடைசியாக, ஒவ்வொரு இடத்திலும் மௌலவியா சொன்னபடி சுத்தமான தண்ணீரை ஓடவிட்டோம்.

இதற்கிடையில் காசுக் கணக்கு ஒன்று இருந்தது. வாப்பா வீட்டுக்கார மாமியிடம் போய்ச் சொன்னபோது, “நீங்க வந்து மூணு மாசம். அதுக்கு முந்தி ஆரும் எனக்கு ஒண்டும் சொல்லல்லயே தம்பி” என்றார். அவர் கணவரை இழந்தவர். அந்த வாடகையில்தான் அவருடைய மருந்துச் செலவு போகிறது. அவரைக் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் நாங்கள் வெளியேறும் நாளில், கொடுத்த முற்பணத்தில் இதைக் கழித்துவிட்டால் எங்களுக்கு அடுத்த வீடு இல்லை. வாப்பா சண்டை போடவில்லை. அடுத்த நாள் மாமியைக் கூட்டி வந்து சோக்கு வட்டங்களைக் காட்டினார். பக்கத்து வீட்டு மாமியும் பழைய பூனைக் கதையைச் சொன்னார். கடைசியில் சாமான்களுக்கும் பெயின்டுக்கும் ஆன செலவு அரை மாத வாடகைக்கும் குறைவு. அதை அவர் அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். கூலி எங்களுடையது. வாடகை வீட்டுக்குப் போகிறவர்கள் சாவி வாங்கும் நாளிலேயே வீட்டைப் படம் பிடித்து, என்னென்ன பழுது என்று ஒரு தாளில் எழுதி, இரு பக்கமும் கையொப்பம் வைத்துக்கொண்டால் நல்லது. மாரிக்கு முன் வீடு பார்த்தால், ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றி, பூட்டிவிட்டு, ஒரு மணித்தியாலம் கழித்துத் திறந்து மணந்து பார்க்கலாம்.

கடுவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைப் பிடித்துச் சாக்கில் போட்டுத் தூரத்தில் விட்டுவிட்டு வரலாம் என்று பலர் சொன்னார்கள். உம்மா விடவில்லை. பூனையை அடைத்து வைத்துச் சாப்பாடு கொடுக்காமல் கொன்ற பெண்ணின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை விட்டுவிட்டுப் போகப்பட்ட பிராணியை நாங்களும் விட வேண்டாம் என்றார். யன்னல்களுக்கு வலை அடித்தோம். கிணற்றடியில் மீன் தலையும் சோறும் வைக்கிறோம். உள்ளே தன் மணம் இல்லாததால் அதற்கும் உள்ளே வரும் ஆசை குறைந்துவிட்டது. இப்போது அதன் எல்லை மதிலோடு நிற்கிறது.

இந்த வருட மாரி தொடங்கி ஐந்து வாரமாகிறது. முன்னறையில் மழை மணம் மட்டும்தான். போன மாதம் ராத்தாவின் மாமியார் வீட்டார் வந்து, அஸருக்கு அங்கேயே தொழுதுவிட்டுத் தேநீர் குடித்துப் போனார்கள். உம்மா அன்று இரண்டு முறை வட்டிலப்பம் வைத்துக் கொடுத்தார்.

இனி வாப்பா எனக்கு ஒரு வீடு சேர்க்கத் தொடங்குவார். ஏற்கெனவே தொடங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமைகளிலும் கடைக்குக் கணக்கு எழுதப் போகிறார். நான் பல்கலைக்கழகம் போய், என் சம்பளத்தில் முதலில் அவர்கள் இருவருக்கும் ஒரு சொந்தக் கூரை கட்ட வேண்டும் என்பது என் ஆசை. இதை வாப்பாவிடம் நேரில் சொன்னால் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார். நம் மகளிருக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. பல பெண்கள் அதனால்தான் தலை நிமிர்ந்து வாழ்கிறார்கள். ஆனால் கொடுத்தவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று பிள்ளைகள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். ராத்தா இப்போது வாரம் ஒருமுறை வருகிறார். வரும்போதெல்லாம் தும்புத்தடியை எடுத்து முன்னறையைத் தானே கூட்டுகிறார்.